கால்சியம் பவுடர் காப்பாற்றாது

பல்லி இனங்களை வீட்டில் வளர்ப்பவர்களிடையே ஒரு வைத்தியம் வேதவாக்காக நிலைத்துவிட்டது. இகுவானாவின் விரல்கள் நடுங்கினாலும், பியர்டட் டிராகனின் தாடை கோணினாலும், லெப்பர்ட் கெக்கோ உடம்பைத் தூக்க முடியாமல் வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்ந்தாலும், "கால்சியம் குறைவு, பவுடர் தூவிக் கொடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். விற்பவர் சொல்கிறார். பல வருடம் வளர்த்தவர் சொல்கிறார். நாயையும் பூனையையும் பார்த்தே பழகிய மருத்துவரும் சில நேரம் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். வளர்ப்பவர் டப்பாவை வாங்கி வந்து தீனியில் தூவுகிறார், தன் கடமை முடிந்தது என்று நம்புகிறார். கூண்டில் அந்தப் பிராணி மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகிறது.

இந்த யோசனையை நான் மறுக்கிறேன். கால்சியம் வேண்டாம் என்பது என் வாதமில்லை. கூண்டுப் பல்லிகளுக்கு வரும் எலும்பு நோய் பெரும்பாலும் வெளிச்சமும் சூடும் கிடைக்காததால் வருவது. தீனியில் உள்ள சுண்ணாம்புச் சத்து அவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது. மூன்றாவதாக வர வேண்டியதை முதலாவதாகவும் ஒரே மருந்தாகவும் சொல்வதால், பிழைத்திருக்க வேண்டிய உயிர்கள் போகின்றன. டப்பா வாங்கிய நிம்மதியில் விளக்கு வாங்கப்படாமல் போகிறது. அந்த நிம்மதியைக் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

(நான் பேசுவது வெளிநாட்டுப் பல்லி இனங்களைப் பற்றி மட்டும். நம் காட்டு உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்து வீட்டில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு எந்தப் பராமரிப்பு யோசனையும் கிடையாது.)

கால்சியம் வாய்க்குள் போவது ஒன்று, குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது வேறொன்று. சேர்வதற்கு வைட்டமின் டி வேண்டும். பகலில் நடமாடும் பல்லிகள் அதைத் தங்கள் தோலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் தோலில் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா 'பி' கதிர், அதாவது ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம், அதன்மேல் பட்டால் அது வைட்டமினின் முன்வடிவமாக மாறுகிறது. அந்த முன்வடிவம் முழு டி3 ஆவதற்கு ஒளி தேவையில்லை, உடம்புச் சூடு போதும். பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். இவ்வளவும் நடந்த பின்புதான் குடல் கால்சியத்தை உள்ளே இழுக்கும்.

சூடு என்ற பகுதியைப் பலரும் கவனிப்பதே இல்லை. மைக்கேல் ஹோலிக்கும் அவருடைய குழுவினரும் 1995-இல் இகுவானாத் தோலை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். 25 டிகிரி செல்சியஸில் வெறும் கரைப்பானில் இருக்கும் முன்வடிவத்தில் பாதி மாறுவதற்கு நாட்கணக்கில் ஆகிறது. அதே 25 டிகிரியில் இகுவானாவின் தோலுக்குள் 8 மணி நேரத்தில் பாதி மாறிவிடுகிறது. குளிர்ந்த இரத்தப் பிராணிக்கு இயற்கை செய்துகொடுத்த ஏற்பாடு அது. ஆனால் 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் அந்தத் தோலிலும் 72 மணி நேரமாகிறது. தோல் உதவுகிறது, ஆனாலும் வேகத்தைத் தீர்மானிப்பது சூடுதான். வெயில் காயும் இடத்தில் 35 டிகிரிக்கு மேல் எதிர்பார்க்கும் இகுவானாவை 24 டிகிரி ஏசி அறையில் வைத்தால் அந்த வேலை மந்தமாகிறது. கூடவே செரிமானமும் மந்தமாகிறது. தூவிய பவுடர் குடலில் கிடந்து அப்படியே வெளியேறுகிறது.

உள்ளே வர வேண்டியது வராதபோது உடம்பு என்ன செய்கிறது? இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் நரம்பு இயங்கவும் இரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அது குறையத் தொடங்கியதும் பாராதைராய்டு சுரப்பி வேலையில் இறங்குகிறது. விளைச்சல் பொய்த்த வருடம் குதிரில் இருக்கும் விதைநெல்லை எடுத்துச் சமைப்பதுபோல, எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. எலும்பு கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. அதனால்தான் இந்நோய் வந்த இளம் இகுவானாவின் தொடைகள் பருத்து உருண்டு திரள்கின்றன. தொட்டால் கெட்டியாக இருக்கும். "நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது" என்று மகிழும் வளர்ப்பவர்களின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அந்தத் தொடைக்குள் இருப்பது சதையல்ல, முறியக் காத்திருக்கும் எலும்பு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விற்ற இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இதே காரணத்தால் இரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். எலும்பை அரித்து இரத்தத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்வரை கால்சியம் அளவு சரியாகவே வரும். அளவு சரிந்து, விரல்கள் வெட்டி, வலிப்பு வரும்போது நோய் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. எக்ஸ்ரேயிலும் எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆகவே "இரத்தம் நார்மல், பயமில்லை" என்று ஆறுதல் சொல்வதும் அதே தவறான நம்பிக்கையின் கிளைதான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு பதிலோடு வரும்: "நாங்கள் வெறும் கால்சியம் போடவில்லை, டி3 கலந்த பவுடர் போடுகிறோம். வெளிச்சம் செய்ய வேண்டியதை அது செய்துவிடும்." இது கொஞ்சம் வலுவான வாதம், கவனித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் ஊனிங்ஸும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. முட்டையிலிருந்து வெளிவந்த 84 பியர்டட் டிராகன் குஞ்சுகளைப் பிரித்து, சிலவற்றுக்கு வாய் வழியாக வெவ்வேறு அளவில் டி3 கொடுத்தார்கள். மற்றவற்றை நாளுக்கு 2 மணி முதல் 12 மணி நேரம்வரை புற ஊதா 'பி' விளக்கின் கீழ் வைத்தார்கள். ஆறு மாதத்தில் இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, வைட்டமின் டியின் கையிருப்பைக் காட்டும் அளவு விளக்கில் வளர்ந்தவற்றுக்கு, வாயால் உண்டவற்றைவிட 18 மடங்கு அதிகமாக இருந்தது. நாளுக்கு 2 மணி நேர வெளிச்சமே போதுமானதாகவும் இருந்தது. டப்பாவில் அச்சிட்ட வாக்குறுதிக்கும் பிராணியின் உடம்புக்கும் இடையே உள்ள தூரம் 18 மடங்கு.

அமெரிக்காவின் டெக்சஸில் கேரி ஃபெர்குசனின் குழு மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்துச் செய்த சோதனை எனக்கு இன்னும் நெருக்கமானது. உணவில் டி3 குறைவாகக் கொடுக்கப்பட்ட பச்சோந்திகள், வாய்ப்புக் கிடைத்தபோது, புற ஊதாக் கதிர் அதிகமாக விழும் இடத்தைத் தேடிப்போய் இருந்தன. அதிகம் கொடுக்கப்பட்டவை அவ்வளவாகத் தேடவில்லை. தன் உடம்புக்குத் தேவையானதைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும் அறிவு அந்தச் சின்னப் பிராணிக்கு இருக்கிறது. வெளிச்சத்தையும் நிழலையும் கொடுத்தால் அது அளவோடு எடுத்துக்கொள்ளும். வாயில் திணித்தால் அந்த உரிமை அதனிடமிருந்து பறிபோகிறது.

பறிபோவது உரிமை மட்டுமில்லை, பாதுகாப்பும்தான். வெயிலால் வைட்டமின் டி மிகையாகாது. தோலில் முன்வடிவம் அதிகமானால் அதே ஒளி அதைச் சிதைத்து உடம்புக்குப் பயனில்லாத வேறு பொருள்களாக்கிவிடும். வாய் வழியாகவோ ஊசி வழியாகவோ போகும் டி3-க்கு அப்படிப்பட்ட கடிவாளம் இல்லை. மிகையானால் சுண்ணாம்பு இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் போய்ப் படிந்து உயிரை எடுக்கும். நம் மருந்துக் கடைகளில் மனிதர்களுக்காக விற்கும் 60,000 யூனிட் டி3 பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்துச் சில நூறு கிராம் எடையுள்ள பல்லிக்குக் கொடுக்கச் சொல்லும் யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வயதான இகுவானாக்களின் நிலை இன்னும் சிக்கலானது. நாய்த் தீனியும் கோழி இறைச்சியும் முட்டையும் கொடுத்து வளர்த்த இலைதின்னிக்குச் சில வருடங்களில் சிறுநீரகம் கெடுவது வழக்கம். சிறுநீரகம் கெட்டால் பாஸ்பரஸ் வெளியேறாது, எலும்பு கரையும். வெளியிலிருந்து பார்த்தால் அதே நடுக்கம், அதே சோர்வு. அந்த உடம்புக்குள் கால்சியத்தையும் டி3-யையும் கொட்டினால், ஏறியிருக்கும் பாஸ்பரஸோடு சேர்ந்து உறுப்புகள் கல்லாகும். பவுடர் பயன்படாமல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே அது நேரடியாகக் கொல்கிறது. பாஸ்பரஸையும் யூரிக் அமிலத்தையும் பார்க்காமல் "கால்சியம் குறைவு" என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மனித மருத்துவம் இந்த வழியை நூறு வருடத்துக்கு முன்பே கடந்துவிட்டது. ஐரோப்பிய நகரங்களின் புகை மூடிய சந்துகளில் குழந்தைகளின் கால்கள் வில்லாய் வளைந்தபோது, உணவில்தான் குறை என்று ஒரு தரப்பு விடாமல் சொன்னது. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் வைத்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தேறுவது தெரிந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி விழச் செய்தபோது மற்றக் கையின் எலும்பும் தேறியது. தோலில் உருவாகும் ஏதோ ஒன்று உடம்பு முழுவதும் பரவுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த அறிவு கையில் இருக்கும்போது, குழந்தைக்குத் தெரிந்ததைப் பல்லிக்கு மறுப்பது என்ன நியாயம்?

அடுத்து வருவது நம் ஊருக்கே உரிய வாதம். "சென்னையில் இல்லாத வெயிலா? லண்டன்காரனுக்கு விளக்கு வேண்டும், நமக்கு எதற்கு?" வெயில் இருக்கிறது, மறுக்கவில்லை. அது பிராணியின் தோலைத் தொடுகிறதா என்பதே கேள்வி. சன்னல் ஓரம் வைத்த கண்ணாடித் தொட்டியில் சூடு ஏறும், வெளிச்சம் நிறையும், ஆனால் புற ஊதா 'பி' அநேகமாக ஒன்றுகூட உள்ளே வராது. சாதாரண சன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். அக்ரிலிக் தகடும் அப்படித்தான். சன்னல் வெயிலில் கண் சொக்கிப் படுத்திருக்கும் இகுவானாவுக்குச் சூடு மட்டுமே கிடைக்கிறது. பார்ப்பவருக்கு அது நன்றாக வெயில் காய்வதாகத் தெரியும். இந்தத் தோற்றம்தான் ஆபத்து.

பால்கனிக்குத் தூக்கிப்போகிறவர்கள் காலை ஏழு மணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இளவெயில் நல்லது என்று. பிறந்த குழந்தையைக் காலை வெயிலில் காட்டும் வழக்கத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. சாய்ந்து வரும் காலைக் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் 'பி' கதிரின் பெரும்பகுதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சென்னைக்கு அருகிலேயே உள்ள திருப்பதியில் ஹரிநாராயணனும் ஹோலிக்கும் பிறரும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிவரை குப்பிகளை வெயிலில் வைத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வைட்டமின் டி உருவாக்கம் உச்சத்தில் இருந்தது பகல் 11 முதல் 2 மணிவரை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயனுள்ள நேரம் என்பது எளிய கணக்கு.

அந்த நேரத்தில் கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைத்துவிடாதீர்கள். சில நிமிடங்களில் உள்ளே அனல் ஏறிப் பிராணி வெந்து செத்துவிடும். கம்பி வலைக் கூண்டு, பாதிக்கு மேல் நிழல், தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள், இவ்வளவும் இருந்தால் நம் ஊர் வெயிலைவிட நல்ல மருந்து எதுவும் கிடையாது. பத்தரை பதினோரு மணி வாக்கில் அரை மணி நேரம், வாரத்தில் சில நாள் கிடைத்தால்கூடப் பெரிய விஷயம். மாடி வீட்டில் வேலைக்குப் போகிற எத்தனை பேருக்கு இது நடக்கும்? நடக்காதவர்களுக்கு விளக்கு ஒன்றே வழி.

"கெக்கோ இரவுப் பிராணி, அதற்கு எதற்கு யூ.வி.?" என்கிறார்கள். இதில் ஓர் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். லெப்பர்ட் கெக்கோக்களைப் பல தலைமுறைகளாக விளக்கே இல்லாமல், டி3 கலந்த பவுடரால் மட்டும் வளர்த்துப் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்குத் தோலில் வைட்டமின் தயாரிக்கும் திறன் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நம் சுவர்ப் பல்லியின் நெருங்கிய உறவான மத்தியதரைக்கடல் வீட்டுப் பல்லியின் தோலையும், வெயிலில் திரியும் டெக்சஸ் முள்பல்லியின் தோலையும் ஒரே ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். இரவுப் பல்லியின் தோல்தான் அதிக வைட்டமின் முன்வடிவத்தை உண்டாக்கியது. அந்தியில் சில நிமிடம் கிடைக்கும் மங்கிய ஒளியைக்கூட வீணாக்காத தோல் அது. லெப்பர்ட் கெக்கோக் குஞ்சுகளுக்குக் குறைந்த நேரம் புற ஊதா ஒளி காட்டியபோதும் அவற்றின் இரத்தத்தில் வைட்டமின் டி உயர்ந்தது. இரவுப் பிராணிக்குக் குறைவாகத் தேவை என்றால் குறைவாகக் கொடுக்கலாம். அதையே சாக்காக வைத்து ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதும், அந்த விதிவிலக்கை இகுவானாவுக்கும் பியர்டட் டிராகனுக்கும் நீட்டுவதும் தவறு.

"என் வீட்டில் விளக்கே இல்லாமல் ஆறு வருடமாக இருக்கிறது" என்று சொல்பவர்களுக்கு ஒரே கேள்வி. அதோடு ஒரே பெட்டியில் வந்த மற்றக் குஞ்சுகள் எங்கே? செத்தவற்றைப் பற்றிப் பேச யாரும் முன்வருவதில்லை. பிழைத்த ஒன்றே சாட்சியாகிறது. பச்சை இகுவானா 15, 20 வருடம் வாழக்கூடிய பிராணி. ஆறு வருடம் அதற்குப் பாதி ஆயுள்கூட இல்லை.

விளக்கைப் பற்றியும் பொய் நம்பிக்கைகள் உண்டு. ஊதா நிறத்தில் ஒளிரும் எல்லாம் புற ஊதா விளக்கு ஆகாது; கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் 'பி' கதிருக்கும் தொடர்பில்லை. சூடு தரும் குண்டு பல்பு 'பி' கதிர் தராது. நீளமான டி5 (T5) ரகக் குழல் விளக்கு, கூண்டின் பாதி நீளத்துக்காவது இருப்பது நல்லது. உடம்பு முழுவதும் ஒளி விழ வேண்டும். மேலே வலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கேயே நின்றுவிடும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. தூரம் கூடக்கூடக் கதிர் வேகமாகக் குறையும். எல்லாவற்றையும்விட முக்கியம், விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் 'பி' கதிர் மாதங்கள் போகப்போக வற்றும். ரகத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும். வெப்பம் தரும் விளக்கும் இதுவும் ஒரே முனையில் இருக்க வேண்டும், மறு முனை நிழலாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஃபெர்குசனின் குழு ஜமைக்காவிலும் டெக்சஸிலும் 15 வகைப் பல்லி, பாம்புகளைப் பின்தொடர்ந்து, அவை காட்டில் எவ்வளவு கதிரை வாங்குகின்றன என்று அளந்து நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. எந்த இனத்துக்கு எவ்வளவு என்பதற்கு இன்று ஊகம் தேவையில்லை. அளவு இருக்கிறது, அளக்கும் மீட்டரும் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பவுடர்காரர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்மிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். உடம்புக்கு வேண்டியதோ பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு கால்சியம். ஆகவே பூச்சிதின்னிகளுக்குத் தூவத்தான் வேண்டும். தூவிய கிரிக்கெட் சில நிமிடங்களில் தன்னைச் சுத்தம் செய்துகொண்டுவிடும் என்பதால் உடனே தின்னக் கொடுக்க வேண்டும். பூச்சிக்கும் முதல் நாளே நல்ல தீனி போட்டிருக்க வேண்டும். இலைதின்னியான இகுவானாவுக்கு நம் சந்தையே போதும். அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அகத்தியில் நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. பாலக்கீரையை அன்றாடம் போடாதீர்கள்; அதன் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும். லெட்டூஸ், வெள்ளரிக்காய், வாழைப்பழம் வயிற்றை நிரப்பும், எலும்பை நிரப்பாது.

நோய் வந்துவிட்ட பிராணியின் சிகிச்சையில் இந்தத் தவறான பார்வை செய்யும் சேதம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. கன்று ஈன்ற பசு பால் காய்ச்சலில் விழுந்தால், இரத்தக் குழாயில் கால்சியம் ஏற்றியதும் எழுந்து நிற்கும். நம் கால்நடை மருத்துவர்கள் தினமும் பார்க்கும் காட்சி அது. அதே எதிர்பார்ப்போடு பல்லிக்கும் ஊசி போடுகிறார்கள். பசுவுக்குச் சில மணி நேரத்தில் நேர்ந்த சரிவு. பல்லிக்குப் பல மாதமாக நடந்த அரிப்பு. வலிப்பும் நடுக்கமும் இருக்கும்போது கால்சியம் குளுகோனேட் ஊசி உயிரைக் காக்கும். அதை மருத்துவர்தான் போட வேண்டும், எடைக்கு ஏற்ற அளவில், நிதானமாக. நடுக்கம் நின்றவுடன் சிகிச்சை முடிந்ததாக நினைப்பது பெரும் பிழை. உண்மையான சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பிராணியை அதற்குரிய சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த உடம்பில் மருந்தும் வேலை செய்யாது, தீனியும் செரிக்காது. உடலில் நீர் வற்றியிருந்தால் அதை ஈடு செய்ய வேண்டும். அன்றே புற ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். வாய் வழியாகக் கால்சியம் சிரப் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் தொடர வேண்டும். தாடை மெத்தென்று போனதால் கடிக்க முடியாத பிராணிக்கு அரைத்த உணவைச் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். வாயைப் பிளக்கும்போது தாடை முறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறி விழாதபடி கிளைகளை அகற்றிவிட்டுத் தரையில் மெத்தென்ற துணி விரிக்க வேண்டும். தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்துங்கள். ஒரு பிடியில் முதுகெலும்பு முறியலாம். முறிந்த காலுக்குத் தகடு வைத்துத் திருகும் அளவுக்கு அந்த எலும்பில் உறுதி இருக்காது. பெரும்பாலும் ஓய்வும் இலேசான கட்டும்தான் வழி. எலும்பு மேலும் கரையாமல் தடுக்கக் கால்சிடோனின் என்ற மருந்தைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் கால்சியம் சரியான அளவுக்கு வந்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் இரத்தக் கால்சியம் இன்னும் சரிந்து பிராணி இறந்துவிடும்.

இவ்வளவு செய்தால் தாடை மீண்டும் கெட்டிப்படும். கால்கள் உடம்பைத் தாங்கும். வளைந்த முதுகு நிமிராது, ஆனால் வளைந்த முதுகோடு பல வருடம் வாழ முடியும். முதுகெலும்பு நொறுங்கிப் பின்னங்கால்கள் செயலிழந்து, சிறுநீரும் மலமும் தானாக வெளியேற முடியாத நிலைக்குப் போனவற்றை வலியில்லாமல் போகவிடுவதே கருணை. அந்த முடிவு வரை போனவற்றில் பெரும்பாலானவை, ஒரு குழல் விளக்கு இருந்திருந்தால் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

விளக்கு விலை அதிகம் என்பது கடைசி வாதம். விளக்கும் அதன் பட்டியும் சேர்ந்தால் பல நேரம் பல்லிக் குஞ்சின் விலையை எட்டும், சில நேரம் தாண்டும், உண்மைதான். அந்தச் செலவு பிராணியின் விலைக்கு மேலே வரும் உபரிச் செலவு என்று கடைக்காரர் பேசுகிறார். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். மழைக்காடுகளின் உச்சிக் கிளையில் வெயில் காய்ந்து வாழப் பிறந்த ஒன்றை நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அடைத்த அந்த நிமிடமே, அதன் சூரியனுக்கான பொறுப்பும் நம்முடையதாகிவிட்டது.

கால்நடை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல்லியைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், என்ன தின்கிறது என்று கேட்பதற்கு முன், என்ன விளக்கு, எத்தனை மாதம் ஆயிற்று, நடுவில் கண்ணாடி இருக்கிறதா, கூண்டில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். விற்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். விளக்கில்லாமல் பகல் பல்லியை விற்காதீர்கள். வாங்க நினைப்பவர்களே, விளக்கை முதலில் வாங்கிப் பொருத்தி, ஒரு வாரம் வெப்பத்தை அளந்து பாருங்கள். பிராணியை அதன் பிறகு வாங்கலாம். வருடாவருடம் விளக்கை மாற்ற முடியாது என்று தோன்றினால் வாங்காதீர்கள்.